இழை: அறுவைக்கு முன்பே தரும் வலி மருந்துக்குச் சொல்

கையேடு தொகுப்பவர், சென்னை:
வணக்கம். ஞானப்பல் எடுக்க வருவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிரீஎம்ப்டிவ் அனல்ஜீசியா’வுக்கு ‘முன்வலி நிவாரணம்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பல் மருத்துவர், மதுரை:
அது வேண்டாங்க. முன்னால் வரும் வலி என்று படிப்பார்கள். ஈறைக் கீறி எலும்பைக் குடைந்ததுமே வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் அங்கே ஊறத் தொடங்கும். அதை உண்டாக்கும் நொதியை ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்து அடக்கும். ஈறில் போடும் லிக்னோகைன் ஊசியின் மரமரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்குள் மருந்து ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். வலி மூண்டபின் விழுங்கினால், அது கேட்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தமிழாசிரியர், யாழ்ப்பாணம்:
‘வலி’யையே விடுங்கோ. ‘வினைவலியும் தன்வலியும்’ என்னும் குறளில் வலி என்றால் வலிமை. எங்கட பக்கம் பல் ‘நோகுது’ என்றுதான் சொல்லுவம். ‘நோதலும் தணிதலும்’ என்று புறநானூறு 192 இரண்டையும் சேர்த்தே தந்திருக்கு. ஆகவே ‘முன்நோதணிப்பு’. நோ, நோவு, நோய், நோன்பு எல்லாம் ஒரே வேர்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
ஐயா, நோன்பு அந்தக் குடும்பமில்லை. நோற்றலின் பகுதி ‘நோல்’. புணர்ச்சிப்படி உங்கள் சொல் ‘முன்னோதணிப்பு’ ஆகும். படிப்பவர் முன்னோரைத் தேடுவார். ‘வலித்தடுப்பு’ போதுமே?

பல் மருத்துவர், மதுரை:
தடுப்பு என்றால் வலியே வராது என்று நம்பிவிடுவார்கள். வரும்; குறைவாக வரும். இன்னொன்று: அறுவைக்கு முன் ஒரு வேளை கொடுப்பதோடு நிறுத்தினால் அது ‘பிரீஎம்ப்டிவ்’. வலிக்கிறதோ இல்லையோ, அறுவைக்குப் பின்னும் நேரம் தவறாமல் தொடர்வதையும் சேர்த்தால் அது ‘பிரிவென்டிவ்’. நாங்கள் செய்வது இரண்டாவது.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அப்படியானால் ‘வருமுன் வலித்தணிப்பு’. ‘முன்’ என்பது இங்கே கத்திக்கு முன் அல்ல, வலிக்கு முன். ‘வருமுன் காப்போம்’ முகாமுக்குப் போன பாட்டிக்கும் விளங்கும். தணிப்பு ஐயா தந்தது.

கையேடு தொகுப்பவர், சென்னை:
இதையே போடுகிறேன்.

தமிழாசிரியர், யாழ்ப்பாணம்:
போடுங்கோ, எனக்குச் சம்மதமில்லை. மறுபதிப்பில் அடைப்புக்குள்ளாவது ‘நோதணிப்பு’ வரவேணும். நோன்பைப் பற்றித் தனி இழையில் எழுதுறன்.