லாக்புக் எடை ஒன்று, இறக்கிய எடை ஒன்று. இடமும் தேதியும்கூடப் பொருந்தவில்லை. எங்கே தவறு?

கரைக்கணக்கு:
வணக்கம். சூரை பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் தூண்டில், லாங்லைன்) படகு ஒன்றுக்குக் கரையில் இருந்து பதிவேடு பார்க்கிறேன். இந்தியப் பெருங்கடலில், எல்லை தாண்டிய ஆழ்கடலில் ஓடும் படகு. கேப்டன் கடலில் லாக்புக் (அன்றாட மீன்பிடிப் பதிவேடு) எழுதுவார், படகு திரும்பியதும் அதை நான் மின்படிவத்தில் ஏற்றுவேன். போன பயணத்தின் படிவம் திரும்பி வந்துவிட்டது.

மஞ்சள் துடுப்பு சூரை லாக்புக்கில் 4,120 கிலோ, எடைச்சீட்டில் 3,640 கிலோ. மீதி 480 கிலோ எங்கே என்று கேட்கிறார்கள். தூண்டில் விட்டதாக நாங்கள் காட்டிய இடம், விஎம்எஸ் (படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் கருவி) காட்டும் இடத்தில் இருந்து இருபது கடல் மைலுக்கு மேல் தள்ளி நிற்கிறது. இரண்டு நாள் தேதியும் ஒரு நாள் மாறியிருக்கிறது.

நடுக்கடலில் ஒரு மீனைக்கூட வேறு படகுக்கு மாற்றவில்லை. கேப்டன் முப்பது வருடம் கடல் பார்த்தவர், அவரைச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கங்களைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். என்ன செய்வது?

ஐஸ்ரூம்:
முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள்: பக்கத்தைப் புதிதாக எழுதவே கூடாது. இப்போது இருப்பது விளக்கக்கூடிய பிழை. புதுப் பக்கம் எழுதினால் அது பொய்ப் பதிவு ஆகிவிடும். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியான எண், தேதி, கேப்டன் கையெழுத்து. வெள்ளை மை பூசுவது, தாளைக் கிழிப்பது எதுவும் வேண்டாம். லாக்புக் தாள் கழற்றி மாட்ட முடியாதபடி தைத்த புத்தகமாக இருக்க வேண்டும் என்று விதி கேட்பதே இதற்காகத்தான்.

எடை விஷயம்: கேப்டன் எழுதியது முழு மீன் எடையா, குடலும் செவுளும் எடுத்த எடையா?

கரைக்கணக்கு:
இப்போதுதான் அவரிடம் பேசினேன். மீன் டெக்கில் விழுந்ததும் முழு மீனாகப் பார்த்துக் கணித்து எழுதுவாராம். இறக்கும்போது எல்லாம் குடல், செவுள் எடுத்த மீன்.

ஐஸ்ரூம்:
அப்போ உங்கள் 480 கிலோ கிடைத்துவிட்டது. சுத்தம் செய்த எடையை முழு எடையாக மாற்ற, மீன் வகைக்கும் வெட்டிய விதத்துக்கும் ஏற்ற ஒரு மாற்றுமடங்கு உண்டு. உங்கள் கொடிநாட்டு (படகு பதிவான நாட்டு) மீன்வளத் துறை தந்ததைப் பயன்படுத்துங்கள். பேச்சுக்கு 1.13 என்று வைப்போம். 3,640-ஐ அதால் பெருக்கினால் 4,113. லாக்புக் எண்ணுக்கும் இதற்கும் வெறும் 7 கிலோ வித்தியாசம். கண்ணளவில் இவ்வளவு கிட்டே கணித்திருக்கிறார் என்றால் உங்கள் கேப்டன் கெட்டிக்காரர்தான்! படிவத்தில் 'முழு மீன்' என்றும் எடைச்சீட்டில் 'குடல், செவுள் நீக்கியது' என்றும் குறித்து, கணக்கை ஒரு தாளில் இணைத்து அனுப்புங்கள்.

நண்பகல்_நிலை:
இடக்குறிப்புக்கு வருகிறேன். லாக்புக்கில் எழுதியிருப்பது அப்படியே எப்படி இருக்கிறது? ஒரு வரி போடுங்கள்.

கரைக்கணக்கு:
'வ 4.30, கி 85.45' என்று இருக்கிறது. நான் அதையே படிவத்தில் ஏற்றினேன்.

நண்பகல்_நிலை:
லாக்புக் முழுக்கப் புரட்டிப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் 59-க்கு மேல் ஒரு எண்ணாவது இருக்கிறதா?

கரைக்கணக்கு:
இல்லை அண்ணா. மூன்று பயணத்தின் பக்கங்களைப் பார்த்துவிட்டேன். அதிகபட்சம் 58.

நண்பகல்_நிலை:
அவ்வளவுதான். கேப்டன் எழுதியது பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்): 4 பாகை 30 கலை, 85 பாகை 45 கலை. படிவம் கேட்பது தசமப் பாகை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அங்கே 4.50, 85.75 என்று போயிருக்க வேண்டும். வடக்கில் 12 மைல், கிழக்கில் 18 மைல் விட்டுப்போனது, சாய்வாக அளந்தால் ஏறக்குறைய 22 மைல். உங்கள் 'இருபதுக்கு மேல்' இதுதான். கேப்டன் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஏற்றும்போதுதான் பிசகியது. லாக்புக்கில் கை வைக்க வேண்டாம், படிவத்தை மட்டும் திருத்துங்கள்.

தேதிக்கும் காரணம் அநேகமாக நேரம். விஎம்எஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் பதியும், வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டும். உள்ளூர் நேரம் ஐந்து மணி முன்னால் இருந்தால், 15-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு விட்ட தூண்டில் யூடிசியில் 14-ஆம் தேதி இரவு பத்து மணி. அந்த இரண்டு நாளும் விடியலுக்கு முன் விட்டதா என்று கேளுங்கள். எந்த நேரம் என்பதை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதச் சொல்லுங்கள். இழுத்து முடித்த நாளை எழுதுகிறவர்களும் உண்டு. விட்ட நாள்தான் வேண்டும்.

கரைக்கணக்கு:
இரண்டு நாளும் மூன்று மணிக்கு விட்டதுதான்! பக்கத்தின் படமும் இணைத்திருக்கிறேன், வேறு பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஐஸ்ரூம்:
படத்தைப் பார்த்தேன். 9, 10, அடுத்து 13. நடுவில் 11, 12 எங்கே?

கரைக்கணக்கு:
அந்த இரண்டு நாளும் தூண்டில் விட்டார்கள், மீன் விழவில்லை. ஒன்றும் இல்லாததை எதற்கு எழுத என்று விட்டுவிட்டாராம்.

ஐஸ்ரூம்:
திருப்பி அனுப்பியவர்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் பக்கத்தையே எடுப்போம். ஒரு முறைக்கு 1,200 கொக்கி. 9-ஆம் தேதி 14 மீன், 10-ஆம் தேதி 10 மீன். 2,400 கொக்கிக்கு 24, அதாவது ஆயிரம் கொக்கிக்கு 10 மீன். விட்டுப்போன இரண்டு நாளையும் சேர்த்தால் 4,800 கொக்கிக்கு அதே 24, ஆயிரத்துக்கு 5. கடலில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு மீன் இருப்பதாக உங்கள் லாக்புக் சொல்கிறது.

தூண்டில் படகுகளின் இந்தக் கணக்கை வைத்துத்தான் மீன்வளம் எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்பு சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015-இல் கணித்து, 2016-இல் இந்தக் கடலின் சூரை மீன்பிடிப்புக்கு விதி வகுக்கும் பன்னாட்டுச் சூரை ஆணையம் (ஐஓடிசி) மீட்புத் திட்டம் கொண்டுவந்தது. மீன் விழாத நாளை எழுதாத ஒவ்வொரு படகும் அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. நாளைக்கு மீன் இல்லாமல் திண்டாடப்போவதும் நாம்தான். தேதி, இடம், கொக்கி எண்ணிக்கை, இரை எழுதி, மீன் இடத்தில் தெளிவாக 0 போடச் சொல்லுங்கள். வெற்றிடம் விட்டால் எழுத மறந்தது போல ஆகிவிடும். 11, 12-க்கு கேப்டன் கையில் டெக் குறிப்பு ஏதாவது இருந்தால், பின்னால் சேர்த்தது என்று வெளிப்படையாக எழுதி அனுப்பலாம்.

நண்பகல்_நிலை:
இன்னொன்று. பிடித்து விட்டுவிட்டதையும் எழுத வேண்டும். திரெஷர் எனும் நீளவால் சுறாவை அந்தக் கடலில் படகில் வைத்துக்கொள்ளவே தடை. ஆனால் கொக்கியில் வந்து விடுவித்திருந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. ஆமை, கடற்பறவைக்கும் அப்படியே. மிதவைக்கும் மிதவைக்கும் நடுவில் எத்தனை கொக்கி என்ற கட்டமும் உங்கள் படத்தில் காலி. தூண்டில் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்பது அதில்தான் தெரியும்.

தூண்டில்முள்:
எங்கள் படகு 24 மீட்டருக்குக் குறைவு. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

ஐஸ்ரூம்:
உங்கள் கொடிநாட்டின் பொருளாதார மண்டலத்துக்கு (அந்த நாட்டுக்கு மீன்பிடி உரிமை உள்ள கடல்பகுதி) வெளியே பிடித்தால் உண்டு. சூரை ஆணையத்தின் 15/01 தீர்மானம் 24 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகுகளோடு, வெளியே போகும் சிறிய படகுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வேறு நாட்டு மண்டலத்தில் அனுமதியோடு பிடித்தால் அந்த நாட்டுக்கும் பதிவு போக வேண்டும். உள்ளே மட்டும் ஓடினால் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

கரைக்கணக்கு:
படிவத்தைத் திருத்தி, எடைக் கணக்கும் கேப்டனின் டெக் சிலேட்டுப் படமும் வைத்து அனுப்பிவிட்டேன். 11, 12-ஆம் தேதி கொக்கி எண்ணிக்கை அந்தச் சிலேட்டிலேயே இருந்தது, மெழுகுப் பென்சிலில், பாதி அழிந்து. கடைசியாக ஒன்று: சின்ன மீன்களில் மஞ்சள் துடுப்பா, பெருங்கண் சூரையா என்று குழப்பம் வருகிறதாம். எப்படி எழுதுவது?

நண்பகல்_நிலை:
தோலின் கோடுகள் மீன் செத்துக் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அதை நம்ப வேண்டாம். எப்படியும் குடல் எடுக்கிறீர்கள் அல்லவா, கல்லீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் துடுப்புக்கு வழுவழுப்பாக, வலது மடல் மட்டும் நீண்டு இருக்கும். பெருங்கண்ணுக்கு மேலே வரிவரியாக ரத்தக் கோடுகள் ஓடும், மூன்று மடலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கல்லீரலைக் கடலில் எறிவதற்கு முன்னால் சிலேட்டில் குறித்துவிட வேண்டும்.