துருவ் எஞ்சின், துருவ் ரோட்டர்: பிறகும் பிரசண்டுக்கு 12 வருடம் ஏன்?

சுழலி21: எல்.சி.எச். எனும் இலகு ரகப் போர் ஹெலிகாப்டர் பிரசண்டில் இருப்பது, நம் பல்பயன் ஹெலிகாப்டர் துருவில் உள்ள அதே இரண்டு ‘சக்தி’ ரக எஞ்சின்கள், அதே கீல் இல்லாத (பிளேடுகள் கீலின்றி நேராக மையத்தில் பொருந்திய) 4 பிளேடு ரோட்டர். உடம்பை மட்டும் ஒல்லியாக்கி, இருவரை முன்பின்னாக உட்கார வைத்தார்கள். 2010 மார்ச்சில் பறந்தது 2022 அக்டோபரில்தான் விமானப்படைக்கு வந்தது. எங்கே இழுத்தது?

வடகாற்று: முதல் வில்லன் எடை. முதல் மாதிரியான டிடி-1 இலக்கைத் தாண்டிய கனத்தோடு பறந்தது. அடுத்தடுத்த மாதிரிகளில் செதுக்கிச் செதுக்கிக் குறைத்தார்கள். கார்கில் போருக்குப் பிறகு பிறந்த தேவை என்பதால் உயரம்தான் அளவுகோல். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம். அதே எடையை அந்தரத்தில் நிறுத்த, காற்றைக் கீழே தள்ளும் சக்தி மட்டுமே சுமார் 29 சதவீதம் கூடுதலாக வேண்டும். அதே நேரம் எஞ்சின் சக்தியோ சரிகிறது. கீழே கியர்பாக்ஸின் டார்க் (முறுக்கு விசை) வரம்பு முதலில் தடுக்கும், மேலே எஞ்சின் வெப்ப வரம்பு. பிரசண்ட் 5.8 டன்னுக்குள் நிற்பது இதற்காகத்தான். கவசம், பீரங்கி எதைச் சேர்த்தாலும் அந்த எடையை எரிபொருளில் பிடிப்பார்கள்.

திருகாணி: அதிர்வை விட்டுவிட்டீர்களே. கீல் இல்லாத ரோட்டர் சொன்னபடி திரும்பும். அதற்குக் கூலியாக உடம்பை உலுக்கும். நிமிடத்துக்கு 300 சுற்று, 4 பிளேடு என்றால் நொடிக்கு 20 உலுக்கல். பயணி தாங்கிக்கொள்வார், குறிபார்க்கும் கருவி தாங்காது. குறியின் கோணம் 1 மில்லிரேடியன் (சுமார் 0.06 டிகிரி) பிசகினால் 1,000 மீட்டரில் குண்டு 1 மீட்டர் தள்ளி விழும். போதாததற்கு, 20 மி.மீ. பீரங்கி மூக்கடியில், ஈர்ப்பு மையத்துக்கு வெகு முன்னால். பக்கவாட்டில் திருப்பிச் சுட்டால் பின்னுதை மூக்கையே எதிர்ப்பக்கம் தள்ளும். ராக்கெட், பீரங்கி, ஏவுகணை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்யாமல் சான்றிதழ் கிடையாது. காலத்தைத் தின்றதில் இதற்கும் பெரிய பங்கு.

சுழலி21: அப்படியானால் இதைவிடக் கனமான அமெரிக்கப் போர் ஹெலிகாப்டர் அப்பாச்சியை மலை உயரத்துக்குக் கொண்டுபோக முடியாதா?

வடகாற்று: 2020-ல் லடாக்கின் லே-யில் நிறுத்தினார்களே. கேள்வி, எவ்வளவு சுமையோடு என்பதுதான். முழு எடையில் அப்பாச்சியின் ரோட்டர் வட்டம் ஒரு சதுர மீட்டருக்கு 62 கிலோ தாங்குகிறது. பிரசண்டில் சுமார் 42. மெல்லிய காற்றில் அந்த 20 கிலோ வித்தியாசத்துக்கு ஏவுகணைகளை இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.