டயானா 27-க்கு மெயின் ஸ்பிரிங் சென்னைல எங்க கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே, அப்பா வச்சிருந்த பழைய ஜெர்மன் டயானா 27 ஏர் ரைஃபிள் என்கிட்ட இருக்கு, போன வாரம் ஸ்பிரிங்கை அமுக்கி லாக் பண்ண பேரலை மடக்குறப்ப உள்ள டொக்குனு ஒரு சத்தம், பிரிச்சுப் பாத்தா மெயின் ஸ்பிரிங் ரெண்டா உடைஞ்சு கிடக்கு. மனசே சரியில்ல, ஸ்கூல் லீவுல அப்பா எனக்கு குறி பாக்க கத்துக்கொடுத்ததே இதுலதான்.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒருத்தர்கிட்ட புதுசா சுத்தி வாங்குனேன், கம்பி அதே 3 மிமீதான் ஆனா சுத்து அதிகமாயிடுச்சு, அதனால முழுசா மடக்குறதுக்குள்ளயே சுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு லாக் விழல. வலுக்கட்டாயமா அமுக்குனா லிவர் வளைஞ்சிடும்னு விட்டுட்டேன். கம்பி தடிமனை சுத்து எண்ணிக்கையால பெருக்குனா வர்ற நீளம், மடக்குன நிலைல உள்ள இருக்குற இடத்தைவிட குறைவா இருக்கணும்னு இப்பதான் புரியுது.

இந்த மாடலுக்கு சரியான ஸ்பிரிங் வச்சிருக்குற கடை, இல்ல பியானோ வயர்ல (ஸ்பிரிங் செய்யுற உறுதியான எஃகு கம்பி) அளவு பாத்து சுத்தி, ரெண்டு முனையும் தட்டையா கிரைண்ட் பண்ணித் தர்ற ஆள் யாராச்சும் தெரியுமா? பாரிமுனை பக்கம் தேடிட்டேன், கிடைக்கல. பவர் கூடுதலா வேணாம்ணே, பழைய மாதிரி மெதுவா அடிச்சா போதும். பிஸ்டன்ல காத்து கசியாம அடைக்குற லெதர் வாஷரும் காஞ்சு போயிருக்கு, அதுவும் செஞ்சு தர்றவங்க இருந்தா சொல்லுங்க.