ஊரடங்கில் பிள்ளைகளோடு செய்த கைவேலை: இன்னும் மனத்தில் நிற்பது எது?

மதுரை மல்லி

2020 ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்களே, அந்த வாரம். மகளுக்கு நான்கரை வயது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ‘இன்றைய கைவேலை’ வந்துவிடும். மாலை 5 மணிக்குள் படம் அனுப்ப வேண்டும். அன்று மீன். வண்ணத்தாள் வாங்கக் கடை ஏது? பழைய கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் உறையைப் பிரித்துக் கொடுத்தேன். அவளே வெட்டினாள். உடலைவிட வால் பெரிது. கண் வயிற்றில் இருந்தது.

மணி நாலே முக்கால். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மிச்ச உறையில் நானே ஒரு மீன் வெட்டி, மசூர் பருப்பைச் செதிலாக ஒட்டி, “பிடித்துக்கொள், படம் எடுக்கலாம்” என்றேன். பிடித்தாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இது என் மீன் இல்லை அம்மா. என் மீன் எங்கே?”

குப்பைக் கூடையில், வெண்டைக்காய்க் காம்புகளுக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாலில் காபித்தூள் கறை போகவில்லை. பள்ளிக்குப் போனது என் மீனின் படம்தான். அதற்கு மூன்று நட்சத்திரம் வேறு கொடுத்தார்கள்.

கொள்ளிடக்கரை

நாங்கள் மார்ச் 22-க்கு முந்தைய நாளே ஊருக்குப் போய்விட்டோம். இரண்டு மாதம் திரும்ப முடியவில்லை. நுங்குக் காலம். என் அப்பா பேரனுக்கு நுங்கு வெட்டிக் கொடுப்பார். ஒரு காயில் எத்தனை கண் என்று இவன் பார்த்துத் திண்ணைச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவான். பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் இரண்டு, எப்போதாவது ஒன்று. ஒன்று வந்தால் காயைச் சுரண்டி இன்னொரு கண் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவான். ஆறு வயதில் அவன் கூட்டல் படித்தது அந்தச் சுவரில்தான்.

ஒருநாள் நுங்கு வண்டி செய்ய உட்கார்ந்தார்கள். ஒரு கூந்தலில், அதாவது நுங்கு எடுத்த வெறுங்காயில், குச்சியைச் செருகியாயிற்று. அதற்குள் 10 மணி ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டது என்று நான்தான் பையனை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அப்பா இரண்டாவது கூந்தலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிய முக்கால் மணி நேரம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த நுங்குக் காலத்துக்கு அவர் இல்லை.

அங்கன்வாடி அக்கா

மேலே எழுதிய இருவரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப் வந்தது, வகுப்பு வந்தது என்கிறீர்கள். எதுவுமே வராத வீடுகள்தாம் எங்கள் பகுதியில் அதிகம். பெரிய பிள்ளைகளுக்காவது கல்வித் தொலைக்காட்சி இருந்தது. எங்கள் மையத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொண்டுபோனது சத்துமாவும் முட்டையும்தான். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அதோடு யாருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுக்க வேண்டும்.

ஒரு வீட்டில் நான்கு வயதுப் பையன். தாய் களை எடுக்கப் போயிருந்தாள்; பாட்டி மட்டும் இருந்தார். அவன் மையத்தில் நாங்கள் உட்கார வைப்பதுபோலவே புளியங்கொட்டைகளைத் தரையில் வட்டமாக அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு பெயர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “டீச்சர், மணி அடித்துவிட்டதா?” என்றான். முகக்கவசத்தோடு நின்ற எனக்குப் பதில் வரவில்லை. முட்டையை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டேன். இரண்டு நிமிடம் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஓய்வு ஆசிரியை

என் பேத்தி அந்த நாட்களில் என்னோடுதான் இருந்தாள். கத்தரிக்கோல் பிடிக்க வராமல் ஒருநாள் அழுதாள். அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன். நாலு வயதில் கத்தரிக்கோலை அவசரப்படுத்தாதீர்கள். முதலில் பழைய செய்தித்தாளைக் கையால் நீளநீளமாகக் கிழிக்கவிடுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் வலுப்பெற்றால் கத்தரிக்கோல் தானே வசப்படும். சப்பாத்தி மாவு உருட்டுவதும் அதற்கு உதவும்.

பசை கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு பங்கு மைதாவை நாலு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடிபோலப் பளபளப்பு வரும், இறக்கிவிடலாம். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள். குழந்தை வாயில் வைக்கும் பசையில் அது கூடவே கூடாது, நஞ்சு. இரண்டு நாளில் கெட்டுப்போனால் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெள்ளைத்தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவையுங்கள். குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும். காரம், புளிப்பு என்று விளக்கம் சொல்ல வேண்டாம், அதெல்லாம் பிறகு.

கொங்குத் தந்தை

அம்மா, நல்ல செய்திகள்தாம். ஆனால் மல்லி கேட்டது பசை செய்முறை இல்லையே. பெரிய வால் வைத்து வெட்டியதும் அந்தக் குழந்தைதானே? அதை வெட்டும்போது அவள் கை எங்கும் நடுங்கவில்லை. நடுங்கியது படம் கேட்டவர்களும் அனுப்பிய நாமும்தான். நானும் என் மகனின் களிமண் பிள்ளையாருக்குத் தும்பிக்கையைத் திருத்தியவன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதன்பிறகு களிமண்ணைத் தொடவுமில்லை.

மதுரை மல்லி

ஆசிரியை அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள் அண்ணா, மஞ்சள் எழுத்தை இன்று மாலையே மகனோடு எழுதிப் பார்க்கப் போகிறேன். சின்னவனுக்கு இப்போது மூன்று வயது. அங்கன்வாடி அக்கா, அந்தப் பையன் பிறகு மையத்துக்கு வந்தானா? முடிந்தால் எழுதுங்கள்.

அந்த மீனைக் குடும்ப அட்டை வைக்கும் பையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இதையெல்லாம் எழுதியபிறகு எடுத்து மகளிடம் காட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாலில் என்ன அம்மா கறை?” என்று கேட்டாள்.