விமானப் பயிற்சியில் 5-க்கு 3 என்றால் தோல்வியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோட்டையூர்:
அமெரிக்கக் கடற்படையில் பைலட் பயிற்சியில் இருக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் போனில் “இன்னைக்கு 2, 3தான் ஆயா” என்கிறார்கள். வீட்டில் வயிற்றைக் கலக்குகிறது. இது பரீட்சை மார்க் மாதிரிதானா?

தேவகோட்டை:
இல்லைங்க ஆச்சி. பள்ளிக்கூட மார்க்கை மனதில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடவே படாது. நம்ம கணக்குப் பழக்கத்தில் சொன்னால், ஒவ்வொரு பறப்புக்கும் எழுதுவது சிட்டை, அதாவது அன்றாடக் குறிப்பு. பிறகுதான் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு.

1 என்றால் பயிற்றுநரே செய்து காட்டினார், மதிப்பெண் இல்லை. 2 என்றால் பாதுகாப்பாகச் செய்ய முடியவில்லை, அல்லது அதற்கான அறிவும் கையும் போதவில்லை. 3 என்றால் ஆபத்தில்லாமல் செய்தார், ஆனால் பிசகு இருந்தது. 4 என்றால் பிசகியதைத் தானே கவனித்து உடனே சரிசெய்தார். 5 அப்பழுக்கற்ற வேலை. கவனிக்க வேண்டியது 3-க்கும் 4-க்கும் நடுவில் உள்ள கோடு. உயரம் 80 அடி இறங்கியதை மாணவரே பார்த்து மூக்கைத் தூக்கினால் 4 வரலாம். பின் இருக்கையிலிருந்து “உயரம்” என்று குரல் வந்த பிறகு தூக்கினால் அது 3.

பயிற்சியைப் பல கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். கட்டம் முடிவதற்குள் எந்த வேலையில் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பதற்கு ‘மிஃப்’ என்றொரு அட்டவணை உண்டு. அதில் ‘3+’ என்றிருந்தால், அந்த வேலையை அந்தக் கட்டத்தில் கட்டாயம் செய்து காட்டி 3-ஐத் தொட வேண்டும். முதல் பறப்பில் 2 விழுவது சகஜம். கட்டத்தின் கடைசியிலும் அதே 2 நின்றால் ‘அன்சாட்’, அதாவது தேறவில்லை. அப்போதும் உடனே மூட்டை கட்டச் சொல்வதில்லை. கூடுதல் பறப்பு, முதல் முன்னேற்றச் சோதனை, அதன்பின் இறுதிச் சோதனை என்று படிகள் இருக்கின்றன.

காரைக்குடி:
ஐந்தொகை என்று அண்ணன் சொன்னது ‘என்எஸ்எஸ்’. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பு பயிற்சி முடித்த மாணவர்களோடு ஒப்பிட்டுப் போடும் எண் இது. சராசரி 50, திட்டவிலக்கம் 10. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 40-க்கும் 60-க்கும் இடையில் விழுவார்கள். ஆகவே 50 என்பதைப் பாதி மார்க் என்று படிக்கக் கூடாது, நட்டநடுவில் நிற்கிறார் என்று பொருள். மிஃப்பைத் தொட்டால் தேர்ச்சி, அதற்கு மேல் வாங்குவதெல்லாம் இங்கே சேரும். ஜெட் வேண்டும் என்பவர் ‘தேறினால் போதும்’ என்று இருந்தால், விமானம் ஒதுக்கும் நாளில் கை நழுவும்.

நம்ம விமானப்படைக்கு முயலும் என்சிசி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பைலட் ஆகத் தகுதி பார்க்கும் கணினித் தேர்வான சிபிஎஸ்எஸ் இதைப் போலில்லை. அதில் தவறினால் வாழ்நாளில் மறுவாய்ப்பு கிடையாது. தூக்கமின்றிப் போய் உட்காராதீர்கள்.

கானாடுகாத்தான்:
எண் ஏன் குறைகிறது என்று யாரும் சொல்லவில்லையே. இந்தப் பயிற்சியில் ஓட்டும் டி-6பி விமானத்தில் பெரும்பாலும் டிரிம்தான் காரணம். கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையாகப் பறக்கும்படி சரிசெய்து வைப்பதுதான் டிரிம். 1100 குதிரைத்திறன். பவரைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், மூக்கை இட வலமாகத் திருப்பும் ரடரில் வலது பெடலை மிதிக்க வேண்டும். பவரை மாற்றி, மூக்கை நிறுத்தி, டிரிம் செய்வது என்ற வரிசையில் கடைசியை விட்டால் கை ஸ்டிக்கோடு மல்லுக்கட்டும். கண் மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். உயரம், வேகம், வானொலிப் பதில் எல்லாம் வரிசையாகச் சரியும். தாளில் நான்கைந்து இடத்தில் 3 தெரியும், வேர் ஒன்றுதான்.

இதற்கு விமானம் இல்லாமலே பழகலாம். லீவில் வந்த பிள்ளைக்கு நம்ம வீட்டு உள்முற்றமான வளவே போதும். நீளவாக்கில் ஒரு வரிசை ஆத்தங்குடிக் கல்லை ஓடுதளம் என்று வைத்து, அதற்கு இணையாக எதிர்த்திசையில் நடக்க வேண்டும். சக்கரம் இறக்கியாச்சு, வேகம் 120 நாட். இறங்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் பவரைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை முழுதாக இறக்கி, டிரிம். திரும்பும்போது 110. ஓடுதளத்துக்கு நேராக வந்ததும் 100. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையும் கூடவே அசைய வேண்டும். நடுவில் ஆயா கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தாலும் வரிசை அறுபடக் கூடாது. வானொலி அப்படித்தான் குறுக்கிடும்.