நீர் விலகிய கரை: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கிரேட் சால்ட் லேக் அனுபவங்கள்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் இங்கே குடியேறிய 2012ஆம் ஆண்டில், கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரியிலுள்ள ஆன்டிலோப் தீவின் கரையோரம் உப்புநீர் ஈக்கள் கரும்பட்டையாகப் படிந்திருக்கும். என் மகள் ஓடும்போது அவை அவளுக்கு வழிவிட்டு எழும், ஆனால் கடிப்பதில்லை. 2022 செப்டம்பரில் அதே இடத்தில் வெடித்த சேற்றின் மேல் நெடுந்தூரம் நடந்து நீரை அடைந்தோம். ஈக்கள் ஏறக்குறைய இல்லை. வழியெங்கும் நுண்ணுயிர்கள் நீருக்கடியில் கட்டியெழுப்பிய பாறைத் திட்டுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அவற்றின் மேல் படரும் பாசியைத் தின்றுதான் ஈக்களின் புழுக்கள் வளர்கின்றன, அந்த ஈக்களை நம்பியே இலட்சக்கணக்கான வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அந்த நவம்பரில் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 4,188.5 அடி உயரத்துக்கு, அதாவது பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு, இறங்கியது. தென்கரைத் துறையில் பாய்மரப் படகுகள் தரைதட்டிவிடும் என்று கிரேன் கொண்டு அவற்றை வெளியேற்றினார்கள்.

இதற்கு வறட்சியை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. வடிகால் இல்லாத இந்த ஏரி, பேர், வீபர், ஜோர்டான் ஆறுகள் கொண்டுவருவதைக் கொண்டே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய வேண்டும். அந்த ஆறுகளிலிருந்து எடுக்கப்படும் நீரில் பெரும்பங்கு குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்களுக்கே போகிறது. காய்ந்த ஏரிப்படுகையின் தூசியில் ஆர்சனிக் இருப்பதால், காற்று பலமாக வீசும் நாள்களில் மகளை வெளியே விளையாட விடுவதில்லை.

மரக்காணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, உங்கள் ஏரியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதிலிருந்து வரும் ஆர்டீமியா (உப்புநீர் இறால்) முட்டை டப்பாக்களை எங்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் பல ஆண்டுகளாகத் திறந்து வருகிறேன். உப்புநீரில் இட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும் அந்த நுண்ணிய உயிர்கள்தாம் இறால் குஞ்சுகளுக்கு உயிருணவு. உலகுக்குக் கிடைக்கும் முட்டையில் ஏறக்குறைய 40 சதவீதம் அங்கிருந்தே வருகிறது என்பதால், 2022இல் ஏரியின் தென்பகுதியில் உப்பு 19 சதவீதத்தை எட்டியதைப் படித்தபோது கலங்கிப்போனேன். ஆர்டீமியாவால் அவ்வளவு உப்பை நெடுநாள் தாங்கிச் செழிக்க முடியாது. ஏரியை வட, தென் பகுதிகளாகப் பிரிக்கும் ரயில்பாதைக் கரையின் திறப்பில், வடக்கின் கூடுதல் உப்புநீர் தெற்கே கலப்பதைக் குறைக்கும் தடுப்பை 2023 பிப்ரவரியில் 5 அடி உயர்த்தியதும், அதே ஆண்டின் பெரும் பனிப்பொழிவும் சேர்ந்து அந்தப் பருவத்தைக் காப்பாற்றின.

அங்கே ஈக்கள் மீண்டும் எழுகின்றனவா? அடுத்த முறை தீவுக்குப் போகும்போது பார்த்து எழுதுங்கள்.