கூட்டம் சத்தமாகச் சிரிக்காவிட்டால்?

கேள்வி (ஹட்டன்):
தேயிலைத் தோட்டத்துத் திருவிழா மேடையில் தனியாளாக நகைச்சுவை சொன்னேன். கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை பகிடிக்கு அக்காமார் முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினார்கள். சத்தமே இல்லை. பதறிப்போய் வேகவேகமாகப் பேசி முடித்துவிட்டேன். அமெரிக்க டிவியில் மட்டும் எப்படி வரிக்கு வரி சிரிப்பு?

பதில் (தலவாக்கலை):
தம்பி, அங்கே பதிவுக்கு முன்பே ஒருவர் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தயார்படுத்துவார். சிரிப்பொலியை இயந்திரத்தால் சேர்ப்பதை 1950களிலேயே சார்லஸ் டக்ளஸ் தொடங்கிவிட்டார்.

பதில் (பண்டாரவளை):
ஜப்பானில் ரகுகோ என்ற நகைச்சுவைக் கதை சொல்லும் கலையில் கலைஞர் மெத்தையில் உட்கார்ந்தபடியே கதை சொல்வார். கடைசி வரியில்தான் முடிச்சு அவிழும். அதுவரை பொறுமை வேண்டும். நம்ம சனத்திடம் காதை நம்பாதீங்க, தோளைப் பாருங்க.

கேட்டவர்:
சரி அண்ணே. அடுத்த முறை அந்தப் பகிடி முடிகிற இடத்தில் இரண்டு மூச்சு நிற்கிறேன்.